நோய் தணிப்புப் பணியில் சேருமுன்: வன்னியிலிருந்து ஒரு தாதியின் அனுபவம்

வன்னியில் நோய் தணிப்புப் பராமரிப்பு வேலைக்கு, அதாவது முழுதாகக் குணப்படுத்த முடியாத நோயாளரின் நோவையும் அவதியையும் குறைக்கும் வேலைக்கு, போக விரும்பும் இளம் தாதியர் என்னிடம் முதலில் விசாரிப்பது சம்பளத்தைப் பற்றித்தான். அதில் பிழை இல்லை. வீட்டில் எத்தனை பேர் அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நேர்முகப் பரீட்சையில் அவர்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வியாக நான் சொல்லிக்கொடுப்பது வேறு. இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளி நோவில் துடிக்கும்போது நான் யாரை அழைக்க வேண்டும், அவர் தொலைபேசியை எடுப்பாரா, எடுத்தால் மருந்தின் அளவைக் கூட்டச் சொல்லும் தகுதி அவருக்கு உண்டா என்று கேளுங்கள். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் இடத்தில் சம்பளம் சற்றுக் குறைந்திருந்தாலும் வேலை செய்யலாம். "அப்படி ஒன்றும் வராது பிள்ளை, வந்தால் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லும் இடத்தில் எவ்வளவு தந்தாலும் நிலைக்க முடியாது.

நான் தனியார் துறையில் படித்து, கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவள். திரும்பிய பின் ஒரு முதியோர் இல்லத்திலும், வீடுகளுக்குத் தாதியரை அனுப்பும் ஒரு முகவர் நிலையத்திலும், பின்னர் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்திலும் வேலை செய்திருக்கிறேன். அரசாங்கத் தாதிய உத்தியோகத்தருக்கு நியமனமும் இடமாற்றமும் அமைச்சின் வழியே நடப்பதால், எந்த நிறுவனத்தைத் தேர்வது என்ற கேள்வி அவர்களுக்குப் பெரிதாக எழுவதில்லை. இது அதற்கு வெளியே நிற்பவர்களுக்காக எழுதுவது.

மகரகமையில் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த சேவன போன்ற, இறுதிக் கால நோயாளர் தங்கிப் பராமரிக்கப்படும் கட்டில்களுள்ள ஹொஸ்பிஸை மனத்தில் வைத்துக்கொண்டு வன்னியில் வேலை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே நோயாளி பெரும்பாலும் தன் வீட்டில்தான் இருக்கிறார். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு வாயில் புற்றுநோய் வந்த ஐயா, தெல்லிப்பழைக்குச் சிகிச்சைக்குப் போய் வந்து இனிப் போக வேண்டாம் என்று சொல்லப்பட்ட அம்மா, செட்டிகுளப் பக்கத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள், பக்கவாதத்தில் பேச்சும் போனவர்கள் என்று பலர். இவர்களோடு மற்றப் பகுதிகளில் அதிகம் காணாத ஒரு கூட்டமும் உண்டு: 2009இலும் அதற்கு முன்னும் போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வின்றி, கதீற்றர் என்ற சிறுநீர்க் குழாயோடும் படுக்கைப் புண்ணோடும் இத்தனை வருடங்களைக் கடத்தியவர்கள். அவர்களுக்கு வயது அதிகமில்லை. இன்று சாகப்போகிறவர்களும் அல்லர். ஆனால் அவர்களைப் பார்க்கத் தெரியாத நிறுவனம் வன்னியில் நோய் தணிப்புப் பராமரிப்புச் செய்கிறோம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நேர்முகத்தில், "உங்கள் பதிவில் முள்ளந்தண்டுக் காயக்காரர் இருக்கிறார்களா, அவர்களுக்கு மாற்றுக் கதீற்றர் யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் பதிலிலேயே அவர்கள் ஊரைத் தெரிந்தவர்களா, பதாகையை மட்டும் தெரிந்தவர்களா என்பது விளங்கிவிடும்.

மோர்பின் விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் தரம் மற்ற எதையும்விட இதில்தான் வெளிப்படுகிறது. கடும் நோவுக்கு வாய்வழி மோர்பின் உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட, புற்றுநோய் நோவைத் தணிப்பதற்கான மூன்று படி முறையில் மேற்படியில் இருப்பதும் அதுதான். சாதாரண மோர்பின் குளிசை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொடுக்கப்படுவது. இடையில் நோ கிளம்பினால் கொடுக்கும் மேலதிக அளவு பொதுவாக ஒரு நாளைய மொத்த அளவின் ஆறில் ஒரு பங்கு. அதோடு மலமிளக்கி கட்டாயம் சேர வேண்டும். இவ்வளவும் தாதியின் நாவில் இருக்க வேண்டிய பாடம். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தக் குளிசை பெரும்பாலும் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கினூடாகத்தான் நோயாளியின் கைக்கு வருகிறது. ஆகவே தொண்டு நிறுவனமோ முகவர் நிலையமோ தன்னிடம் மருந்து வைத்திருக்கிறதா என்பதைவிட, அந்தக் கிளினிக்கின் மருத்துவரோடு அதற்கு எத்தகைய தொடர்பு இருக்கிறது என்பதே முக்கியம். நல்ல நிறுவனம் கிளினிக் கொப்பியைப் பார்த்துக் குளிசை எந்த நாளில் தீரும் என்று கணக்கு வைத்திருக்கும்; பௌர்ணமி விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்து வரும்போது முன்கூட்டியே ஒருவரை அனுப்பி எடுத்து வைக்கும். வெள்ளிக்கிழமை மாலை கடைசிக் குளிசையைக் கொடுத்துவிட்டுத் திங்கள் வரை ஒரு குடும்பத்தைத் தவிக்கவிடும் இடத்தில் தாதிதான் அந்தத் தவிப்பின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், மேலாளர் அல்ல.

முதியோர் இல்லத்தில் நான் இருந்த காலத்தில் நிர்வாகத்தினர் மோர்பினுக்குப் பயந்தார்கள். "அது கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், பிறகு கேள்வி எங்களுக்குத்தான் வரும்" என்பதே அவர்களின் பேச்சு. மருத்துவர் எழுதிக் கொடுத்த குளிசை பூட்டிய இழுப்பறைக்குள் கிடக்க, நோயாளிக்குப் பரசிட்டமோல் கொடுக்கச் சொன்னார்கள். நோவின் அளவுக்கேற்பச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அந்த ஆபத்து அரிது என்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அங்கிருந்து நான் விலகியதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

எதிர்மாறான ஆபத்தும் உண்டு. மருந்து வைத்திருக்கும் இடமானால் அலுமாரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அலுமாரி பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, பதிவேட்டில் ஒவ்வொரு குளிசைக்கும் திகதி, நேரம், நோயாளியின் பெயர், மீதி, இரண்டு பேரின் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இடத்தில் எனக்குக் காட்டப்பட்ட பதிவேட்டில் ஒரு மாதத்துக்கான கையொப்பங்கள் முழுவதும் ஒரே பேனையால், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போடப்பட்டிருந்தன. இரண்டாவது கையொப்பத்துக்குரிய நிரல் வெறுமையாக இருந்தது. நான் சேர்ந்த பிறகு அதை நிரப்பலாம் என்று எண்ணியிருப்பார்கள் போலும். மருத்துவர் தொலைபேசியில் சொன்ன உத்தரவை எழுதிவைத்துப் பின்னர் அவரிடம் கையொப்பம் வாங்கும் வழக்கம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதாவது நடந்த அன்று, "நான் அப்படிச் சொல்லவில்லை" என்ற ஒரு வார்த்தையோடு முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் வந்து விழும்.

அடுத்தது வேலையின் அளவு. ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்றும் கேட்க வேண்டும். விசுவமடுவில் ஒரு வீடும் தர்மபுரத்தில் ஒரு வீடும் என்றால் ஒரே வீதியில் போய் வரலாம். முத்தையன்கட்டுப் பக்கம் ஒன்றும், மாங்குளத்துக்கு அப்பால் ஒன்றும், பூநகரியில் ஒன்றும் என்று ஒரே நாளில் போட்டால், அந்த அட்டவணையைப் போட்டவர் வரைபடத்தைப் பார்த்தவரே தவிர வீதியைப் பார்த்தவர் அல்லர். மார்கழி மழையில் குளங்கள் வான் பாயும்போது உள் வீதிகள் மூடப்படும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியது யாருக்கும் மறந்திருக்காது. மாலையானால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை வீதிக்கு ஏறும். இத்தகைய ஊரில் பெண் தாதியை மோட்டார் சைக்கிளில் தனியாக அனுப்பும் நிறுவனம் எரிபொருள் பணத்தையும் திருத்தச் செலவையும் யார் தருவது, இருட்டிவிட்டால் எங்கே தங்குவது, டயர் காற்றுப் போனால் யாரை அழைப்பது என்பனவற்றை எழுத்தில் சொல்ல வேண்டும். 2022இல் எரிபொருள் இல்லாத நாட்களில் எந்த நிறுவனம் தாதியரை எப்படி நடத்தியது என்று விசாரித்தால் நல்ல செய்திகள் சில கிடைக்கும். சில இடங்களில் வரிசையில் நிற்கச் சாரதியை அனுப்பினார்கள். சில இடங்களில் வராத நாட்களுக்குச் சம்பளத்தை வெட்டினார்கள்.

வீடுகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு புண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த வாய்ப் புற்றுநோய்ப் புண்ணில் ஒட்டிக் காய்ந்த துணியை இழுத்து எடுத்தால் இரத்தம் பெருகும், நோயாளி அலறுவார். சேலைனை ஊற்றி ஊற்றி, துணி தானாக விடும் வரை பொறுத்திருந்து எடுக்க வேண்டும். பிறகு கழுவி, நாற்றத்தைக் குறைப்பதற்கு மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடியாக்கித் தூவி, ஒட்டாத துணி வைத்துக் கட்ட வேண்டும். கட்டு மாற்றுவதற்கு அரை மணித்தியாலம் முன்னரே நோ மருந்து கொடுத்திருக்கவும் வேண்டும். அந்தப் புண்ணின் நாற்றத்தால் பேரப்பிள்ளைகளைக் கிட்ட வரவிடாமல் விறாந்தையின் மூலையில் பாய் போட்டுக்கொண்ட ஓர் ஐயாவை நான் பார்த்து வந்தேன். சில தடவை ஒழுங்காகக் கட்டு மாற்றிய பின் ஒரு நாள் சின்னவள் அவர் பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த வேலையைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடச் சொல்லும் அட்டவணையில் துணியை இழுத்துத்தான் எடுக்க முடியும். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்ரோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் தாதியாக இருந்து, சமூக சேவையாளராகி, அதன் பின்னரே மருத்துவரானவர். உடல் நோவோடு மனத்தின் நோ, குடும்பத்தின் நோ, ஆன்மாவின் நோ எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதை எல்லா நிறுவனங்களும் தங்கள் கையேட்டில் அச்சிட்டிருக்கின்றன. அதற்கான நேரத்தை அட்டவணையில் விட்டிருக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். வன்னியில் இயங்கும் பல தொண்டு முயற்சிகள் புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்தில் நடப்பவை. அந்தப் பணம் இல்லாவிட்டால் எத்தனையோ பேருக்கு மெத்தையும் பால்மாவும்கூடக் கிடைத்திராது. ஆனால் கொடுப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நியாயமான தேவை, சில இடங்களில் சாகக் கிடப்பவரைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடும் வழக்கமாக மாறிவிட்டது. நான் வேலை செய்த ஓர் இடத்தில் தாதியின் பையில் முதலில் இருக்க வேண்டிய பொருளாகத் தொலைபேசியைச் சொன்னார்கள்: கட்டு மாற்றும்போது ஒரு படம், மெத்தை கொடுக்கும்போது ஒரு படம், நோயாளி கும்பிடுவது போல ஒரு படம். மார்பகப் புற்றுநோயுள்ள ஓர் அம்மா, "மிஸ், முகம் தெரியாமல் எடுங்கோ, மகளுக்குக் கலியாணம் பேசுகினம்" என்று என்னிடம் கேட்டார். நான் படமே எடுக்கவில்லை. அதற்காக அலுவலகத்தில் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகையால் நேர்முகத்தில் படம் பற்றிய விதி என்ன என்று நேரடியாகக் கேளுங்கள். நோயாளி வேண்டாம் என்றால் உதவி நிற்குமா, சம்மதம் எழுத்தில் வாங்கப்படுகிறதா, படத்தை எடுப்பது யார், அது எங்கே போகிறது என்று நான்கு கேள்விகள் போதும். நல்ல நிறுவனங்கள் கொடையாளருக்கு மருந்துப் பற்றுச்சீட்டையும் மாதாந்த எண்ணிக்கையையும் அனுப்புகின்றன, முகத்தை அனுப்புவதில்லை. சாகும் தறுவாயில் உள்ளவரிடம் சமயம் மாறச் சொல்லி யாராவது வருகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். கோயிலாக இருந்தாலும் தேவாலயமாக இருந்தாலும் நோயாளி கேட்டால் ஐயரையோ பாதரையோ அழைப்பது வேறு, கேட்காமல் தலைமாட்டில் நிற்பது வேறு.

அதே பணத்தோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, திட்டம் எப்போது முடிகிறது என்பது. ஒரு வருட நிதியில் ஐம்பது நோயாளரைப் பதிந்துவிட்டு, வருட முடிவில் பலகையைக் கழற்றிக்கொண்டு போனால் அந்த ஐம்பது வீட்டுக்கும் பதில் சொல்லும் கடமை ஊரில் இருக்கும் தாதிக்குத்தான் வந்து சேரும், சந்தையிலும் கோயிலிலும் அவளைத்தான் காண்பார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் வளர்ந்த முறையில் ஊர்த் தொண்டர்களே பொறுப்பெடுத்து, சிறு சிறு தொகையாக உள்ளூரிலேயே பணம் சேர்த்து, தாதிக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். 2008இல் அந்த மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையையும் வகுத்தது. நம்மிடையே மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் இருக்கும் ஊர்களில் இது நடக்கக்கூடாதது அல்ல. ஒரு நிறுவனம் அந்தச் சங்கங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது என்றால் அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

நியமனக் கடிதம் பற்றிச் சுருக்கமாக. கடிதம் இல்லாமல் ஒரு நாளும் வேலை செய்யாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் நிறுவனத்தின் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனத்தின் பணத்தில் 3 வீதமும் கட்டப்பட வேண்டும்; தகுதிகாண் காலமென்றாலும் முதல் நாளிலிருந்தே இது உண்டு. "நீங்கள் தொண்டர், இது சம்பளமில்லை, ஊக்குவிப்புத் தொகை" என்று சொல்லிக் காலை எட்டு மணிக்குக் கையொப்பமிட வைக்கும் இடங்கள் இந்தச் செலவைத் தப்பத்தான் அந்தப் பெயரைச் சூட்டுகின்றன. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு உரியது. தனியார் மருத்துவ நிறுவனமானால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, இந்த வருடத்துக்குரியதா என்று பாருங்கள்.

முகவர் நிலைய வேலையில் மட்டும் உள்ள சிக்கல் ஒன்று உண்டு. அங்கே சம்பளம் தருவது நிலையம், வேலை வாங்குவது வீடு, பணம் கட்டுவது கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் மகன். மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். மகன் வட்ஸ்அப்பில் அழைத்து, அப்பாவை எப்படியாவது சேலைன் ஏற்றி வைத்திருங்கள், நான் ஆடியில் வருகிறேன் என்பார். அப்பா, ஊசி வேண்டாம் பிள்ளை, என்னை விடுங்கோ என்பார். வீட்டிலுள்ள மருமகள் பாத்திரமும் கழுவ முடியுமா என்று கேட்பார். இவற்றில் எது தாதியின் வேலை, எது அல்ல என்பதைக் குடும்பத்தோடு நேரில் பேசித் தீர்த்துத் தருவது நிலையத்தின் கடமை. நோயாளியின் நிலையைக் குடும்பத்துக்கு மருத்துவர் விளக்கியிருக்கிறாரா என்று கேட்காமல் தாதியை அனுப்பும் நிலையம், அந்தக் கடினமான பேச்சை உங்கள் தலையில் கட்டுகிறது. இருபத்து நான்கு மணித்தியாலமும் தங்கும் வேலையென்றால் உறங்கும் நேரம், மாற்றுத் தாதி, கிழமையில் ஒரு நாள் ஓய்வு மூன்றும் முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும். பயிற்சி இல்லாத உதவியாளருக்கு வெள்ளைச் சீருடை அணிவித்து அனுப்பிவிட்டு அவர் கொடுத்த ஊசிக்கு உங்களைக் கையொப்பமிடச் சொன்னால், அன்றே விலகிவிடுங்கள்.

இவ்வளவையும் நேர்முகத்தில் கேட்டால் வேலை தருவார்களா என்று சிலர் தயங்குகிறார்கள். எல்லாவற்றையும் வாயால் கேட்க வேண்டியதில்லை. சேருமுன் ஒரு நாள் அவர்களோடு வீடுகளுக்குப் போக அனுமதி கேளுங்கள்; மறுத்தால் அதுவே ஒரு பதில். போனால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுங்கள், மேலாளருக்குத் தெரியாத பல விடயங்கள் சாரதிக்குத் தெரியும். படுக்கைப் புண்ணுள்ளவரின் வீட்டில், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பதை மனைவிக்கோ தாய்க்கோ யாராவது கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்திருக்கிறார்களா, அல்லது துண்டுப் பிரசுரத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்களா என்று கவனியுங்கள். ஒரு நோயாளி இறந்த பிறகு எட்டுச் செலவுக்கோ அந்தியேட்டிக்கோ நிறுவனத்திலிருந்து யாராவது போகிறார்களா என்று கேளுங்கள். இழவு வீட்டை மறுபடி எட்டிப் பார்க்காத இடத்தில் தாதியின் துக்கத்தையும் யாரும் கேட்பதில்லை. ஒரே கிழமையில் மூன்று பேர் இறந்தால் அடுத்த நாள் காலை அதே முகத்தோடு நான்காவது வீட்டுக்குப் போக எவராலும் இயலாது. நான் கண்ட நல்லதொரு இடத்தில் மாதக் கடைசி வெள்ளி மதியத்துக்குப் பின் வீட்டு வேலை எதுவும் போடமாட்டார்கள். எல்லோரும் இருந்து, இறந்தவர்களைப் பற்றிப் பேசி, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு முன் அந்தப் பதவியில் இருந்த தாதி எதற்காகப் போனார் என்ற கேள்வியையும் மறக்காதீர்கள். கலியாணமாகிப் போனார், வெளிநாடு போனார் என்றால் நல்லது. அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தயங்காமல் தருகிறார்களா என்று பாருங்கள்.

சேர்ந்த பிறகு இடம் சரியில்லை என்று கண்டால், கோபத்தில் ஒரே நாளில் விட்டுவிட்டு வராதீர்கள். வெள்ளைச் சீருடை விடயத்தைப் போன்றவை மட்டும் விதிவிலக்கு. கடிதத்தில் சொன்ன முன்னறிவித்தலைக் கொடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தற்போதைய மருந்து, அளவு, அடுத்த கிளினிக் நாள், குளிசை தீரும் நாள், புண்ணின் நிலை, இரவில் அழைக்க வேண்டிய உறவினர் என்று ஒரு தாளில் எழுதி, புதிதாக வருபவரை ஒரு தடவையாவது வீட்டுக்கு அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை நோயாளியின் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். அலுவலகத்தில் கொடுத்தது தொலைந்தாலும் வைத்தியசாலையில் அதைத் திறந்து பார்ப்பார்கள். சேவைச் சான்றிதழைக் கையில் வாங்கிய பின், சேமலாப நிதியில் எத்தனை மாதப் பணம் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறது என்று தொழில் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் முறைப்பாட்டையும் அங்கேயே கொடுக்கலாம்.